ஜிமெயில், தண்டர்பேர்டு, அவுட்லுக், போன்: தொடர்புகள் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேட்டவரின் நிலைமை இது. போனில் ஜிமெயில், வீட்டு லேப்டாப்பில் தண்டர்பேர்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவுட்லுக்; இரண்டும் மெயில் நிரல்கள். மாதம் ஒருமுறை ஜிமெயிலிலிருந்து தொடர்புகளை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் பட்டியல்) எடுத்து, எக்செல்லில் கொஞ்சம் திருத்தி, மற்ற இரண்டிலும் ஏற்றுகிறார். ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் இரண்டாக, மூன்றாகப் பெருகுகிறார். தமிழில் எழுதிய பெயர்கள் சில கிறுக்கலாகிவிட்டன. போனில் மாற்றிய நம்பர் லேப்டாப்பில் பழையபடியே இருக்கிறது. இதற்கு நிரந்தரத் தீர்வு உண்டா?

உண்டு. பணம் செலவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒதுக்கினால் முடிந்துவிடும். அதில் முக்கால்வாசி நேரம் சுத்தம் செய்வதற்கே போகும். சின்ன அலுவலகங்களுக்கும் தெரிந்த குடும்பங்களுக்கும் இந்த வேலையைப் பல வருடமாகச் செய்து கொடுத்து வருகிறேன். எங்கே போனாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: கோப்பை ஏற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

காரணம் இருக்கிறது. பட்டாவுக்கு எத்தனை ஜெராக்ஸ் வேண்டுமானாலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிலம் யார் பேரில் இருக்கிறது என்பதைச் சொல்வது வருவாய்த்துறைப் பதிவேடுதான். பெயர் மாற்ற வேண்டுமென்றால் அங்கேதான் மாற்ற வேண்டும். வீட்டில் இருக்கும் நகலில் பேனாவால் திருத்திப் பயனில்லை. உங்களிடம் இப்போது மூன்று நகல் இருக்கிறது, மூலம் எது என்று தீர்மானமாகவில்லை. மூன்றிலும் திருத்தம் நடக்கிறது. அதனால்தான் மூன்றும் மூன்று விதமாக இருக்கின்றன.

ஆட்கள் பெருகுவதற்கும் இதுவே வேர். ஒத்திசைவு, அதாவது சிங்க் என்பது ஒரு கருவியில் செய்த மாற்றம் மற்றவற்றுக்கும் தானாகப் போவது. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு தொடர்புக்கும் யுஐடி என்று ஓர் அடையாள எண் உண்டு. பெயர் மாறலாம், நம்பர் மாறலாம், அந்த அடையாளம் மாறாது. அதை வைத்துத்தான் ‘இது ஏற்கெனவே இருக்கிற ஆள், நம்பர் மட்டும் புதுசு’ என்று கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது. சிஎஸ்வி கோப்பில் அந்த அடையாளம் போவதில்லை. வெறும் பெயரும் நம்பரும் கொண்ட வரிசைதான் போகிறது. ஏற்றும் நிரலுக்கு எல்லாருமே புது ஆட்கள்.

அடுத்து, பலருக்கு இருக்கும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். “லேப்டாப்பில் ஜிமெயில் கணக்கைச் சேர்த்துவிட்டேனே, மெயில் எல்லாம் வருகிறது, தொடர்புகள் மட்டும் ஏன் வரவில்லை?” என்று கேட்பார்கள். தண்டர்பேர்டும் பழைய அவுட்லுக்கும் ஜிமெயிலிலிருந்து கடிதங்களை எடுத்துவரும் வழி ஐமேப். அந்த வழியில் கடிதம் மட்டும்தான் வரும். தொடர்புகளுக்கு அதில் இடமே இல்லை. மெயில், காலண்டர், தொடர்பு மூன்றையும் சேர்த்துச் சுமப்பது மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் முறை. மற்றவர்களுக்குத் தொடர்புகளைக் கொண்டுவரத் தனி வழி ஒன்று வேண்டும். அதன் பெயர் கார்டுடாவ்.

இது ரொம்பப் பழையதல்ல. 1990-களின் நடுவில் ஆப்பிள், ஐபிஎம், ஏடி&டி, சீமென்ஸ் ஆகியவை சேர்ந்து, விசிட்டிங் கார்டை ஒரு சின்னக் கோப்பாக எழுதும் முறையை உருவாக்கின. அதுதான் விகார்டு. விசிஎஃப் என்ற வாலோடு போனிலிருந்து போனுக்கு அனுப்புகிறோமே, அதே கோப்பு. 2011 ஆகஸ்டில் விகார்டின் 4.0 பதிப்பும், அந்தக் கார்டுகளை சர்வரில் வைத்துப் பல கருவிகளிலிருந்து பார்க்கவும் திருத்தவும் வழிசெய்யும் கார்டுடாவும் ஒரே மாதத்தில் இணையத் தரங்களாக வெளியாயின. அடுத்த ஆண்டே கூகுள் அதை ஏற்றுக்கொண்டது. ஐஃபோனும் மேக்கும் அதைப் பேசுகின்றன. தண்டர்பேர்டில் 2021-ல் வந்த 91-ஆம் பதிப்பு முதல் தனி நீட்சி (நிரலோடு சேர்க்கும் கூடுதல் துண்டு) எதுவும் தேவையில்லாமல் உள்ளேயே இருக்கிறது.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. சர்வரில் உள்ள ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு பதிப்புக்குறி உண்டு. கார்டு மாறினால் குறியும் மாறும். லேப்டாப் விழித்தெழுந்ததும், ‘நான் கடைசியாக வந்து போன பிறகு எவையெல்லாம் மாறின?’ என்று கேட்டு, மாறியதை மட்டும் வாங்கிக்கொள்கிறது. நீங்கள் லேப்டாப்பில் ஒன்றைத் திருத்தினால், ‘நான் பார்த்த பதிப்பு இது, அதன்மேல் இந்தத் திருத்தம்’ என்று அனுப்புகிறது. அதற்குள் போனிலும் அதே ஆளைத் திருத்தியிருந்தால் குறி பொருந்தாது. சர்வர் அந்தத் திருத்தத்தை ஏற்காமல் திருப்பி அனுப்பும். ஒருவர் எழுதியதன்மேல் இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு.

சரி, வேலைக்கு வருவோம். மூலம் எது என்று முதலில் தீர்மானியுங்கள். உங்கள் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம், கூகுள் தொடர்புகள்தான். ஆண்ட்ராய்டு போன் அதோடு ஏற்கெனவே பேசுகிறது, தண்டர்பேர்டும் பேசும், ஒரு கணக்கில் 25,000 பேர் வரை வைக்கலாம். வீட்டில் எல்லாரிடமும் ஐஃபோன், மேக் என்றால் ஐகிளவுடை மூலமாக வைக்கச் சொல்வேன். பெரிய நிறுவனங்கள் எதிலும் வைக்க விருப்பமில்லாதவர்கள் நெக்ஸ்ட்கிளவுட் போன்ற சொந்த சர்வரில் வைத்து, ஆண்ட்ராய்டில் டாவ்எக்ஸ்5 என்ற ஆப் வழியாக இணைக்கலாம். ஆண்ட்ராய்டுக்குள் கார்டுடாவ் இயல்பாக இல்லாததால் அந்த ஆப் தேவைப்படுகிறது. எதைத் தேர்ந்தாலும் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும்.

எதையும் தொடுவதற்கு முன்னால் மூன்று இடத்திலிருந்தும் ஒரு நகல் எடுத்து, தேதி போட்டு, பென்டிரைவில் வையுங்கள். கூகுளிலும் தண்டர்பேர்டிலும் விகார்டு வடிவத்தில், அவுட்லுக்கில் சிஎஸ்வியாகவோ பிஎஸ்டி கோப்பாகவோ எடுக்கலாம். இந்தப் படியைத் தாண்டிப் போக யாரையும் நான் விடுவதில்லை. ஒருமுறை ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் சிங்க் அமைக்கும்போது அம்புக்குறியின் திசையை மாற்றி வைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் இருபது வருட வாடிக்கையாளர் பட்டியல், மறுபக்கம் புது கம்ப்யூட்டரின் காலிப் பெட்டி. காலிப் பெட்டியைப் போலவே மற்றதையும் ஆக்கு என்பது உத்தரவு. நிரல் சொன்னபடி செய்தது. காலையில் வந்து பார்த்தால் ஒருவர்கூட இல்லை. முந்தைய நாள் எடுத்த விசிஎஃப் கோப்பு இருந்ததால் ஒரு மணி நேரத்தில் எல்லாரும் திரும்பி வந்தார்கள். சிங்க் என்பது பேக்கப் அல்ல; நீங்கள் சேர்ப்பதை எவ்வளவு விசுவாசமாக எல்லா இடத்துக்கும் கொண்டுபோகிறதோ, அழிப்பதையும் அதே விசுவாசத்தோடு கொண்டுபோகும். ஆகவே மாதாமாதம் கோப்பாக எடுக்கும் உங்கள் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஏற்றுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கூகுளில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. கம்ப்யூட்டரில் கூகுள் தொடர்புகள் பக்கத்தைத் திறந்து, பல்சக்கரக் குறிக்குள் போனால், மாற்றங்களைத் திருப்பும் வசதி இருக்கிறது. பத்து நிமிடம் முன்பு, நேற்று, ஒரு வாரம் முன்பு என்று கடந்த 30 நாட்களுக்குள் எந்த நேரத்துக்கும் பட்டியலைக் கொண்டுபோகலாம். இது தெரியாமல் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சுத்தம் செய்யும் வேலை. இது மூலத்தில் மட்டும் நடக்க வேண்டும். தண்டர்பேர்டிலும் அவுட்லுக்கிலும் மட்டுமே இருக்கிற ஆட்கள் சிலர் இருப்பார்கள். அவர்களைக் கடைசியாக ஒரே ஒருமுறை கூகுளுக்குள் கொண்டுவந்துவிட்டு, இரட்டிப்பானவர்களை இணைக்கும் வசதியை ஓடவிடுங்கள். நூற்றுக்கணக்கானவர்களை அதுவே சேர்த்துவிடும். ஆனால் அதன் கண்ணுக்குத் தப்புகிறவர்கள் நம் ஊரில் அதிகம். காரணம் நம் பெயர்கள்.

விகார்டில் பெயருக்கு ஐந்து அறைகள் உண்டு: குடும்பப்பெயர், இட்ட பெயர், நடுப்பெயர், முன்னொட்டு, பின்னொட்டு. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான். அந்த இனிஷியலை ஒருவர் முதல் அறையில் போடுவார், இன்னொருவர் கடைசி அறையில் போடுவார். ‘செ. கண்ணன்’, ‘கண்ணன் செ’, ‘கண்ணன்’ என்று ஒரே மனிதர் மூன்று பேராவது இப்படித்தான். ஐஃபோன் குடும்பப்பெயரை வைத்து வரிசைப்படுத்தினால், இனிஷியல் ‘எஸ்’ உள்ளவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் குவிந்துவிடுவார்கள். அவுட்லுக்கோ பெயரைத் திருப்பிப் போட்டு நடுவில் காற்புள்ளி வைக்கும். நான் பின்பற்றுவது: இட்ட பெயர் அறையிலேயே ‘கண்ணன் செ’ என்று முழுவதையும் எழுதிவிட்டு, குடும்பப்பெயர் அறையைக் காலியாக விடுவது. எந்த நிரலிலும் அது புரண்டு போவதில்லை. தமிழில் வைப்பதா ஆங்கில எழுத்தில் வைப்பதா என்பது உங்கள் விருப்பம்; ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். மற்ற எழுத்தில் உள்ள வடிவத்தைப் புனைபெயர் அறையில் போட்டு வைத்தால் பெரும்பாலான ஆப்களில் தேடும்போது அதுவும் சிக்கும்.

நம்பர்களுக்கு நாட்டுக்குறியீடு கட்டாயம். +91 போட்டு பத்து இலக்கம். முன்னால் சுழியம் போட்ட நம்பர், வெறும் பத்து இலக்க நம்பர், +91 போட்ட நம்பர் மூன்றும் சில நிரல்களுக்கு மூன்று வேறு நம்பர்கள். இலங்கை நம்பர் என்றால் முன்னால் உள்ள சுழியத்தை எடுத்துவிட்டு +94, சிங்கப்பூர் +65, மலேசியாவுக்கும் சுழியத்தை எடுத்துவிட்டு +60. அங்கேயெல்லாம் உறவினர் இருக்கும் வீட்டில் இதைச் செய்தே ஆக வேண்டும். அவர்களைப் பார்க்க நீங்கள் போய் இறங்கும்போது அங்கிருந்து வீட்டுக்குப் போட்டாலும் நம்பர் சரியாகப் போகும்.

கிறுக்கலான தமிழ்ப் பெயர்களுக்கு வருகிறேன். அந்தக் கிறுக்கலில் ஆங்கில ‘ஏ’ எழுத்தின் தலையில் ஒரு கோடும், பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட பதிவுக்குறியும் திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் எழுத்து அழியவில்லை, தவறாக வாசிக்கப்பட்டிருக்கிறது. யுனிகோட் தமிழில் ஒவ்வொரு குறியீடும் யுடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையில் மூன்று பைட்டாக எழுதப்படும். எக்செல்லில் சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால், அது யுடிஎஃப்-8 என்று கண்டுகொள்ளாமல், ஒவ்வொரு பைட்டையும் ஓர் ஐரோப்பிய எழுத்தாக வாசித்துவிடுவதுண்டு. அதே நிலையில் சேமித்தால் கிறுக்கலே நிரந்தரமாகிவிடும். எக்செல் நம்பர்களையும் விடுவதில்லை: முன்னால் இருக்கும் சுழியத்தைத் தின்றுவிடும், நீளமான நம்பரைப் புள்ளி வைத்த அடுக்குக்குறி எண்ணாக மாற்றிவிடும். உங்கள் பட்டியல் கெட்டது இந்த இடத்தில்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கோப்பைக் கண்டிப்பாகத் திறந்தே ஆக வேண்டும் என்றால் லிப்ரே ஆபீஸில் திறங்கள். எந்த எழுத்துமுறை என்று அது முதலிலேயே கேட்கும். யுடிஎஃப்-8 என்று சொல்லி, நம்பர் உள்ள பத்தியை ‘உரை’ என்று குறித்துவிட்டால் பழுதில்லாமல் வரும். கெட்டுப்போன பெயர்களைப் பழைய கோப்பு ஏதாவது ஒன்றிலிருந்து மீட்கலாம். இல்லையென்றால் கையால் தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.

இனி இணைப்பு. போனில் முதலில் பார்க்க வேண்டியது, தொடர்புகள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பது. பல போன்களில் ‘கருவி’, ‘சிம்’, ‘கூகுள் கணக்கு’ என்று மூன்று இடம் காட்டும். கருவியிலும் சிம்மிலும் இருப்பவர்கள் எந்த சிங்க்கிலும் தானாகச் சேர்வதில்லை. போன் தொலைந்தால் அவர்களும் தொலைந்தார்கள். சிம் ரொம்பச் சின்னப் பெட்டி. பெரும்பாலும் ஒரு பெயரும் ஒரு நம்பரும்தான் பிடிக்கும், தமிழில் எழுதினால் ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் போய்விடுவதால் பெயர் பாதியிலேயே அறுந்துவிடும். போன் அமைப்புகளில் கூகுள் பகுதிக்குள், கருவியில் உள்ள தொடர்புகளையும் ஒத்திசைக்கும் தேர்வு இருக்கிறது, அதை இயக்குங்கள். சிம்மில் உள்ளவர்களைக் கூகுள் தொடர்புகள் ஆப் வழியாக உள்ளே எடுங்கள். புதிதாகச் சேர்ப்பவர்கள் கூகுள் கணக்கிலேயே விழும்படி வையுங்கள். வீட்டில் ஐஃபோன் வைத்திருப்பவர் இருந்தால், கூகுள் கணக்கைச் சேர்த்து, தொடர்புகளுக்கான பொத்தானை இயக்கி, இயல்புக் கணக்காகக் கூகுளை வைக்க வேண்டும். கடைசிப் படியை விட்டுவிட்டால் புது ஆட்கள் எல்லாம் ஐகிளவுடில் போய் உட்காருவார்கள்.

தண்டர்பேர்டில் முகவரிப் புத்தகத்தைத் திறந்து, புதிதாக ‘கார்டுடாவ் முகவரிப் புத்தகம்’ சேர்க்கச் சொல்லி, ஜிமெயில் முகவரியைக் கொடுங்கள். கூகுளின் உள்நுழைவு ஜன்னல் வரும். அனுமதித்தால் பட்டியல் வந்துவிடும். இப்போது அங்கே பழைய புத்தகமும் புதியதும் சேர்ந்து இருக்கும். புதியதில் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டு, பழையதில் உள்ளவர்களை நீக்குங்கள். நீக்காமல் விட்டால் முகவரி தட்டும்போது ஒரே ஆள் இரண்டு முறை வந்து நிற்பார், எது புதியது என்று தெரியாது.

அவுட்லுக்தான் இதில் முரண்டு பிடிக்கும் பிள்ளை. பழைய அவுட்லுக்குக் கார்டுடாவ் தெரியாது. ‘கால்டாவ் சிங்க்ரனைசர்’ என்று இலவச, திறந்த மூல நீட்சி ஒன்று இருக்கிறது. கூகுள் தொடர்புகளோடும் வேலை செய்யும். அதில் திசையைக் கேட்கும் இடத்தில் நிதானமாகப் படியுங்கள். இருபுறமும் இணைப்பது வேறு, ஒரு பக்கத்தை மறுபக்கம்போல ஆக்குவது வேறு. மேலே சொன்ன அலுவலகத்தில் நடந்தது இரண்டாவது. புதிய அவுட்லுக்கில் இத்தகைய பழைய வகை நீட்சிகள் ஓடாது. அதற்குப் பதில் ஜிமெயில் கணக்கைச் சேர்க்கும்போதே மெயில், காலண்டர், தொடர்புகள் எல்லாம் மைக்ரோசாஃப்டின் சர்வர் வழியாக வந்து சேரும். அதாவது உங்கள் தகவலின் ஒரு பிரதி அங்கேயும் இருக்கும். அதற்குச் சம்மதமா என்று யோசித்துச் செய்யுங்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், சொந்தத் தொடர்புகளை அங்கே முழுவதும் இணைக்க வேண்டாம் என்பேன். அது உங்கள் மெஷின் அல்ல. வேலையை விடும் நாளில் கணக்கு மூடப்படும். நிர்வாகி ஏதாவது விதி போட்டால் நீட்சியும் நிற்கும். ஆபீஸ் ஆட்கள் ஆபீஸ் கணக்கில் இருக்கட்டும், சொந்த ஆட்கள் கூகுளில் இருக்கட்டும். போனில் இரண்டு கணக்கையும் சேர்த்தால் இரண்டு பட்டியலும் சேர்ந்து தெரியும், கலக்காது. இரண்டிலும் இருக்கும் ஓரிருவரைப் போனே ஒன்றாக இணைத்துக் காட்டும். இந்த ஏற்பாட்டில் ஆபீஸில் எந்த நீட்சியும் தேவையில்லை என்பது கூடுதல் நிம்மதி.

எந்த வழியில் போனாலும், ஒரே பட்டியலுக்கு இரண்டு சிங்க் பாதை வைக்காதீர்கள். அவுட்லுக்கில் நீட்சி வழியாகக் கூகுளும், இன்னொரு நிரல் வழியாக ஐகிளவுடும், போனில் இரண்டும் என்று வைத்தால், ஒருவர் இங்கிருந்து அங்கே போய், அங்கிருந்து புது ஆளாகத் திரும்பி வருவார். அப்புறம் சுற்றிச் சுற்றி வருவார். ஒரே இரவில் பட்டியல் பல மடங்கானதைப் பார்த்திருக்கிறேன்.

சில விஷயங்கள் முழுசாகக் கடந்து வராது, இதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். கூகுளில் போட்ட லேபிள்கள் கார்டுடாவ் வழியாகப் போகும்போது அப்படியே குழுக்களாக வந்து சேரும் என்று நம்ப வேண்டாம், கூகுள் கார்டுடாவில் பயன்படுத்தும் விகார்டின் பழைய 3.0 பதிப்பில் குழுவுக்கென்று தனிக் கார்டு வகை கிடையாது. வருடம் போடாத பிறந்தநாளும் அப்படித்தான். ஆப்பிள் அதற்கு 1604 என்ற வருடத்தை நிரப்பி அனுப்பும். யாருடைய பிறந்த வருடமாவது 1604 என்று தெரிந்தால் பதற வேண்டாம், வருடம் தரப்படவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு தொல்லை, நீங்கள் சேர்க்காமலேயே சேரும் முகவரிகள். ஒருவருக்கு மெயில் அனுப்பினாலே ஜிமெயில் அவரை ‘பிற தொடர்புகள்’ பகுதியிலும், தண்டர்பேர்டு ‘சேகரித்த முகவரிகள்’ புத்தகத்திலும் போடும். அவுட்லுக்கில் முகவரி தட்டும்போது யூகித்துக் காட்டும் தனி நினைவுப் பட்டியல் உண்டு. ஒருவர் மெயில் முகவரி மாறிய பிறகும் பழைய முகவரிக்கே கடிதம் போய்க்கொண்டிருந்தால், முகவரிப் புத்தகத்தைச் சந்தேகிக்காதீர்கள். பழைய முகவரி இந்த ஒதுக்குப்புறங்களில் ஒன்றில் இருக்கும். அவுட்லுக்கில் யூகம் தோன்றும்போது பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் அது போய்விடும். ஜிமெயிலிலும் தண்டர்பேர்டிலும் தானாகச் சேர்ப்பதை அமைப்புகளில் நிறுத்திவிடலாம். நான் இரண்டிலும் நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்ததும் சோதியுங்கள். போனில் ‘சோதனை ஒன்று’ என்று ஒரு தொடர்பை உருவாக்குங்கள். லேப்டாப்பில் தண்டர்பேர்டு புத்தகத்தின் மேல் வலது சொடுக்கி ஒத்திசைக்கச் சொல்லி, அது வந்ததா என்று பாருங்கள். லேப்டாப்பில் அதன் நம்பரை மாற்றுங்கள், ஒரு தமிழ்க் குறிப்பும் எழுதுங்கள். போனில் இரண்டும் சரியாகத் தெரிகிறதா பாருங்கள். அவுட்லுக்கையும் இணைத்திருந்தால் அங்கிருந்தும் ஒருமுறை திருத்துங்கள். கடைசியில் போனிலேயே அழியுங்கள். அரை மணி நேரத்தில் எல்லா இடத்திலிருந்தும் அது மறைந்திருந்தால் இணைப்பு சரியாக இருக்கிறது. ஏதாவது ஓரிடத்தில் மறையாமல் நின்றால், அங்கே இன்னும் ஒரு பழைய நகல் மிச்சம் இருக்கிறது. அந்தத் தொடர்பைத் திறந்து எந்தக் கணக்கில், எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.